பீர் முகமது ராவுத்தர் தொட்டுச் சொன்ன இலை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. எங்கள் அலுவலகப் பியூன் டீ தம்ளரை என் மேசையில் வைத்துவிட்டு, "படே பாபு, டாலிகஞ்ச் வாலா பீர் பாய் குஜர் கயே" என்றார். எங்கள் அந்தமானின் டாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருந்த பீர் முகமது ராவுத்தர் இறந்துபோனார் என்பது செய்தி. பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் எழுத்தர் அது யார் என்று கேட்டார். கடைக்காரர் என்றார் பியூன். இதே கட்டடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்த மனுஷன் அவர் என்று நான் சொல்லியிருக்கலாம். எதிரே கிடந்த லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். டீயைக் குடித்தேன்.

அன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். கூட்டத்தில் கடைசி ஆளாக நின்றுவிட்டு, லம்பா லைனில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே திரும்பினேன். மறுநாள் நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் வந்தார். ஆண்டு மலரில் ராவுத்தருக்கு ஓர் அஞ்சலி போட வேண்டும், அவரோடு வேலை பார்த்தவர் என்று மிஞ்சியிருப்பது நீங்கள் ஒருவர்தான், இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார். சிரித்த முகம், எல்லோருக்கும் இனியவர், அந்த மாதிரி எழுதினால் போதும் என்று வழியும் சொல்லிக்கொடுத்தார். ராவுத்தருக்கு ஏது சிரித்த முகம்? தேங்காயைப் பத்துத் தடவை தட்டிப் பார்க்கிறவர்களை அவர் முறைக்கும் முறைப்பு உங்களில் பலருக்குத் தெரியும். எல்லோருக்கும் இனியவராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. கண்டதைக் கண்டபடி சொல்கிறவர் அவர். அதற்கு என்ன கூலி கிடைத்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். சங்கத்துக்கு இது வேண்டாம் என்றால் போடாமல் விடட்டும்.

ராவுத்தர் திண்டுக்கல்காரர். அங்கே தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், வந்து இறங்கும் ஆட்டுத்தோலைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. ஷாப்பை மூடிவிட்டார்கள். மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். அந்தமானில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதுதான் அவருக்குத் தெரிந்த அந்தமான். அறுபதுகளின் தொடக்கம் அது. செடிகொடிகளைப் பறித்து, அழுத்திக் காயவைத்து, பெயர் எழுதிப் பாதுகாக்கும் அரசு அலுவலகம் எங்களுடையது. நான் அதில் டைப்பிஸ்ட், தற்காலிகம். அவர் தினக்கூலி மஸ்தூர். காட்டுக்குப் போய் இலையும் பூவும் பறித்துவந்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டுவது அவர் வேலை. காய்ந்ததைத் தடித்த தாளில் தைத்தால், அதன் மூலையில் ஒட்டும் சீட்டை டைப் அடிப்பது என் வேலை. அந்தச் சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் எப்போதும் அதிகாரியின் பெயர்தான் வரும். அதிகாரி விருந்தினர் மாளிகையில் படுத்திருந்தாலும் சரி, மெயின்லேண்டுக்கு லீவில் போயிருந்தாலும் சரி, சேகரித்தவர் அவர்தான். வழக்கம் அப்படி.

ஒரு சொல்லால்தான் நாங்கள் இருவரும் நெருங்கினோம். அதே சொல்லால்தான் பிரிந்தோம் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அதிகாரி சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். இலையைப் பற்றி வரும்போது அடிக்கடி 'கோரியேஷியஸ்' என்பார். எழுத்துக் கூட்டி அடித்துவிடுவேனே தவிர, அர்த்தம் தெரியாது. ஒருநாள் அகராதியைப் புரட்டினேன். கோரியம் என்றால் லத்தீனில் தோலாம். பதப்படுத்திய தோலைப் போன்ற இலை கோரியேஷியஸ். புன்னை இலை, ஆல இலை, பலா இலையெல்லாம் இந்த ஜாதி. இதற்குக் கீழே காகிதம் போன்ற இலைக்கு ஒரு சொல், அதற்கும் கீழே சவ்வு போன்ற இலைக்கு ஒரு சொல். ஒரு செடியை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல, சில சமயம் இந்த ஒரு வித்தியாசம்தான் கையில் இருக்கும். நான் இதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது ராவுத்தர் மரச்சட்டத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தத் தோலுங்க அண்ணாச்சி?" என்றார். நான் திருநெல்வேலிக்காரன் என்பதால் என்னை விட ஐந்தாறு வயது மூத்தவரானாலும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார், கொஞ்சம் கேலியும் சேர்த்து. "வெள்ளாட்டுத் தோலும் தோலுதான், எருமைத் தோலும் தோலுதான். ஒண்ணு கைக்குள்ள மடங்கும். ஒண்ணுல செருப்புக்கு அடி வெட்டலாம். சும்மா தோல்னு எழுதுனா என்ன அர்த்தம்?"

அகராதியில் அதற்குப் பதில் இல்லை. அவரிடம் இருந்தது. இலையை ஆள்காட்டி விரலின் மேல் வளைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார். வளைந்து, விட்டதும் பழையபடி நிமிர்ந்தால் தோல். வளைத்த இடத்தில் படக்கென்று முறிந்தால் அது அட்டை, எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தோல் கிடையாது. கற்பூரவல்லி மாதிரி நசுங்கித் தண்ணீர் விட்டால் சதை, அதுவும் தோல் கிடையாது. தடித்த இலையெல்லாம் கோரியேஷியஸ் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. தடிமன் வேறு, பதம் வேறு என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கடலோரத்தில் காற்றிலும் உப்பிலும் நிற்கிற மரத்தின் இலை தடித்துப் போயிருக்கும், அதே மரம் உள்ளே ஓடைப் பக்கம் நின்றால் இலை இளசாக இருக்கும், எங்கே பறித்தது என்று எழுதாமல் தோல் என்று எழுதாதீர்கள் என்று எனக்கு உத்தரவே போடுவார். நான் என்ன அதிகாரியா? தலையாட்டுவேன்.

அதிகாரிக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. இலையின் பதத்தை எழுத வேண்டிய இடம் வந்தால் பேனாவை நிறுத்திவிட்டு, பீர் பாயைக் கூப்பிடு என்பார். ராவுத்தர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார், தொடுவார். "சம்டா" என்றால் தோல், "காகஜ்" என்றால் காகிதம். ஒரே வார்த்தை. சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வருஷங்களில் எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போன எல்லாக் கோரியேஷியஸும் அந்த மனுஷனின் கட்டைவிரல்தான். எந்தத் தாளிலும் அவர் பெயர் கிடையாது.

பெயரைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வேலை நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், கப்பல் டிக்கெட் கிடைக்கும், மனைவி கதீஜாவையும் மகளையும் கூட்டிவந்துவிடலாம். அவர் கோப்பு நகர்கிறது என்று அதிகாரியே சொல்லியிருந்தார். பத்துபஸ்தியில் நாலு பேரோடு ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார் அப்போது. கப்பல் வரும் நாளெல்லாம் கடிதத்துக்காக என் மேசையருகில் வந்து நிற்பார். மகள் பேச ஆரம்பித்துவிட்டாள், நடக்க ஆரம்பித்துவிட்டாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்று எல்லாமே பதினைந்து நாள் பழைய செய்தியாகத்தான் வரும். வாசித்துக் காட்டுவார். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இனி அந்த மழைப் பயணம். தெற்கே ஒரு தீவுக்குப் போனார்கள். அதிகாரி கரையிலேயே தங்கிவிட்டார். ராவுத்தரும் ராஞ்சியிலிருந்து வந்த இரண்டு கூலியாட்களும் காட்டுக்குள் போனார்கள். போன நாள் முதல் மழை. செய்தித்தாள் நனைந்துவிட்டது, ஸ்டவ் எரியவில்லை, இலையைக் காயவைக்க வழியில்லை. அழுகிவிடும் என்று பயந்து, மூட்டை முழுவதையும் ஃபார்மலினில் நனைத்துக் கட்டச் சொல்லிவிட்டார் அதிகாரி. செத்த மீனையும் பாம்பையும் ஜாடியில் போட்டு வைப்பார்களே, அந்தத் தண்ணீர். கையுறை கிடையாது. ராவுத்தர் வெறுங்கையால்தான் முக்கி எடுத்தார்.

பயணம் முடிந்தால் ராவுத்தரிடம் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையைப் பிரிக்கும் முன்னால் என் எதிரே வந்து உட்கார்ந்து, பறித்தபோது பச்சையில் ஒவ்வொரு இலையும் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுவார். நான் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்வேன். பிரித்துப் பார்த்தபிறகு சொன்னால் காய்ந்ததுதான் ஞாபகத்தில் நிற்கும், பச்சை மறந்துவிடும் என்பார். அன்றும் அப்படித்தான். கப்பல் துறையிலிருந்து ஈர லுங்கியோடு நேரே வந்தார். ஓடைக்கரையில் பறித்த ஒரு செடியைப் பற்றிச் சொன்னார்: "இலை மெல்லிசு. காகிதம் மாதிரி. வெளிச்சத்துல பிடிச்சா விரல் தெரியுது." அடித்தேன். தேதி போட்டேன். தாளை அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து மூட்டையைப் பிரித்தார்கள். அந்த ஓடைக்கரைச் செடியின் இலை விறைத்து, பழுப்பேறி, அசல் தோலாக இருந்தது. அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், புத்தகங்களைப் புரட்டினார். இதே மாதிரி பூ உள்ள செடி ஏற்கெனவே உண்டு, ஆனால் அதன் இலை மெல்லியது, இது கோரியேஷியஸ், ஆகவே இது உலகத்துக்கே புதிது என்று முடிவு கட்டினார். புதுச் செடிக்குப் பெயர் வைப்பவரின் பெயரும் அதனோடு ஒட்டிக்கொள்ளும். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ராவுத்தரைக் கூப்பிட்டார். பேருக்குத்தான் கூப்பிட்டார். ராவுத்தர் தொட்டார். வளைத்தார். பிறகு தன் விரல்களை அவர் முன்னால் நீட்டினார். பத்து விரலின் நுனியும் வெளுத்து, தோல் கெட்டித்து, வெடித்திருந்தன. அவர் ஹிந்தியில் சொன்னதன் சாரம் இதுதான்: சாப், உயிரோடு இருக்கிற என் விரலையே அந்தத் தண்ணீர் பதம் போட்டுவிட்டது. செத்த இலையை விடுமா? இது செடியின் தோல் இல்லை, நாம் ஏற்றிய தோல். பச்சையில் இது காகஜ்.

அதிகாரி கையசைத்து அவரை அனுப்பிவிட்டார். ராவுத்தர் போனபிறகு என்னைக் கூப்பிட்டார். என் பழைய தாளை நீட்டினார். இதில் அந்த வரியை மாற்றி, கோரியேஷியஸ் என்று புதிதாக அடித்துக் கொண்டுவாருங்கள் என்றார். நிரந்தரமாக்க வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அந்தப் பட்டியல் அதே மேசையில்தான் கிடந்தது. அடித்தேன். பழைய தாளைக் கிழித்துக் கூடையில் போட்டதும் நான்தான். அதை அவர் சொல்லக்கூட இல்லை, நானே செய்தேன்.

செடிக்குப் பெயர் வைத்தாயிற்று, கட்டுரையும் அச்சாயிற்று. இரண்டு வருஷம் கழித்து மெயின்லேண்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதே ஓடைக்கரைக்கு வேறு யாரோ நல்ல வெயிலில் போய்ப் பறித்து, முறையாகக் காயவைத்துப் பார்த்திருக்கிறார்கள். பழைய செடியேதான், புதிது ஒன்றுமில்லை, இலை மெல்லியது, கோரியேஷியஸ் என்று எழுதியது யார் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தாரோ இல்லையோ, களத்தில் வேலை பார்த்த ஆளின் குறிப்பை நம்பி ஏமாந்தேன் என்று பதில் எழுதிவிட்டார். அந்தப் பதிலை டைப் அடித்தவனும் நான்தான். வேறு யார்?

விசாரிக்க மேலதிகாரி ஒருவர் கப்பலில் வந்தார். ராவுத்தரை நிற்கவைத்துக் கேட்டார்கள். தான் மெல்லிசு என்றுதான் சொன்னதாக அவர் சொன்னார். எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்றார்கள். அப்போது என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. "அண்ணாச்சி இருக்காருங்க. அவருகிட்டதான் சொன்னேன். அவரைக் கேளுங்க" என்றார். தமிழில் சொல்லிவிட்டோம் என்பது உறைத்து, அதையே ஹிந்தியிலும் சொன்னார்.

என்னைக் கேட்டார்கள். "எனக்குக் கொடுக்கப்பட்டதைத்தான் டைப் அடித்தேன்" என்றேன்.

எழுத்துக்கு எழுத்து உண்மை. யார் கொடுத்தது என்று அவர்கள் மேலே கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு விருப்பமும் இல்லை. அந்த மாசத்தோடு ராவுத்தர் பெயரை கூலிப் பட்டியலான மஸ்டர் ரோலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தினக்கூலி ஆளை நிறுத்த நோட்டீஸ்கூட வேண்டியதில்லை. நான் நிரந்தரமானேன். எனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அதிகாரி மாற்றலாகிப் போனார். நான் இன்று தலைமை எழுத்தர். இந்தப் படே பாபு பட்டமெல்லாம் அன்றைக்கு வாங்கியதுதான்.

அவர் கொஞ்ச நாள் கப்பல் துறையில் மூட்டை தூக்கினார். பிறகு டாலிகஞ்சில் அந்தக் கடை. அந்தச் சாலையைத் தவிர்ப்பதற்காக நான் நாலு வருஷம் சுற்று வழியில் போய்வந்தேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் அவர் கடைத் தாழ்வாரத்தில் ஏற வேண்டியதாகிவிட்டது. வாங்க அண்ணாச்சி என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மழை விடுகிற சமயத்தில்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"நீங்க பொய் சொல்லியிருந்தா உங்களைத் திட்டித் தீத்திருப்பேன். பொய்யும் சொல்லலையே நீங்க. அதான் அண்ணாச்சி இத்தனை வருஷமா எனக்கு ஆறவே மாட்டேங்குது."

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் தலையசைப்பார். நானும் அசைப்பேன். அவ்வளவுதான்.

கதீஜா அம்மா கப்பலிலிருந்து இறங்கியபோது மகளுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. மகள் வளர்ந்ததை ராவுத்தர் பார்க்கவே இல்லை. மருமகனைக் கடைக்கு உதவியாக அழைத்துக்கொண்டார், அப்படித்தான் குடும்பம் ஒருவழியாக ஒரு கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தது. நிரந்தரமாகியிருந்தால் அந்தக் குழந்தை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கும்.

அடக்கத்துக்குப் பிறகு மூன்றாம் நாள் அவர் வீட்டில் ஃபாத்திஹா ஓதியதற்குப் போனேன். அந்த அம்மா இத்தா என்கிற துக்கக் காலத்தில் இருப்பதால் வெளியே வரவில்லை. பழைய ஆபீஸ் சிநேகிதர் வந்திருக்கிறார் என்று மருமகன் உள்ளே சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஆபீஸ்ல அவரு இலையத் தப்பாச் சொல்லிப்புட்டாருன்னுதான் நிறுத்திட்டாங்கன்னு ஊருக்குள்ள பேசுனாங்க. விரல் வெந்து போயிருந்துச்சுல்ல, அதுல தடவத் தெரியாமச் சொல்லிருப்பாருன்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அவரைக் கேட்டா வாயே திறக்க மாட்டாரு. நீங்க அங்கனதானேய்யா இருந்தீங்க. நெசமாவே தப்பாத்தான் சொன்னாரா?"

கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு அம்மா என்றேன். எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அதே ஆள், அதே வேலை. ஊரில் நான் கௌரவமான மனிதன் என்று பெயர்.

ஆகவே இந்த மலரை அவர் மருமகன் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அம்மா, அவர் தப்பாகச் சொல்லவில்லை. விரல் வேகும் முன்னாலேயே தொட்டார், சரியாகச் சொன்னார். வெந்த விரலால் தொட்டும் சரியாகவே சொன்னார். அந்த இலை மெல்லிசு. அவர் சொன்னதைக் கேட்டவன் நான், எழுதியவன் நான், கிழித்தவன் நான், கேட்டபோது மறைத்தவனும் நான்.

இறந்தவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சுகிறது என்று சொல்லி முடிப்பது இந்த மாதிரிக் கட்டுரைகளில் வழக்கம். ராவுத்தருக்குச் சேர வேண்டிய ஒரு சாட்சியம் என்னிடம் இத்தனை வருஷம் இருந்தது. உரிய இடத்தில் கொடுத்துவிட்டேன். அவருடையது என்று இனி என்னிடம் ஒன்றும் இல்லை.